யார் வைத்த கெடு?

எஸ்.ஏ.பி. மென்பொருள் ஓடும் எந்த நிறுவனத்தின் ஐ.டி. பிரிவுக்குப் போனாலும் இப்போது காதில் விழும் வருடம் 2027. ஈ.சி.சி. என்று அழைக்கப்படும் பழைய பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பை அந்த ஆண்டின் கடைசியோடு முடித்துக்கொள்ளப்போவதாக அந்த ஜெர்மன் நிறுவனம் 2020 பிப்ரவரியில் அறிவித்தது. கணக்கு, கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, சம்பளம் என எல்லாவற்றையும் இந்த ஒரே மென்பொருளுக்குள் வைத்திருக்கும் கம்பெனிகள் எஸ்/4ஹானா என்ற புதிய பதிப்புக்கு மாற வேண்டும். ஏன் மாறுகிறீர்கள் என்று கேட்டால் கன்சல்டன்ட் முதல் நிதி இயக்குநர் வரை முதலில் சொல்வது இந்த வருடத்தைத்தான். போர்டு கூட்டத்துக்குப் போகும் குறிப்பில் மட்டும் வேறு காரணங்கள் வரிசைகட்டி நிற்கும்: வேகம், வெளிப்படைத்தன்மை, டிஜிட்டல் மாற்றம்.

வாய்மொழிப் பதிலுக்கும் எழுத்துமொழிப் பதிலுக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. புதியது நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பெரிய நிறுவனம் தன் அடிப்படை மென்பொருளை மாற்றுவது அபூர்வம். பழையதில் இனி நீடிக்க முடியாது என்று யாராவது கெடு வைக்க வேண்டியிருக்கிறது. கெடு வைப்பவர் விற்பனையாளராக இருக்கலாம், அரசாங்கமாக, ரிசர்வ் வங்கியாக, வாங்கிவிட்ட புதிய முதலாளியாக இருக்கலாம். ஓய்வு பெறப்போகும் ஒரு புரோகிராமராகவும் இருக்கலாம். நன்மைகளின் பட்டியல் பெரும்பாலும் முடிவெடுத்த பிறகு எழுதப்படுவது. ஆகவே ஏன் மாற்றினார்கள் என்று ஆராய்பவர் யார் கெடு வைத்தார்கள் என்று முதலில் பார்ப்பது நல்லது. எல்லாக் கெடுவும் ஒரே தரமல்ல. சில கெடுக்கள் உண்மையானவை, சிலவற்றைப் பேசித் தள்ளிப்போடலாம், சில வெறும் பயமுறுத்தல்.

எஸ்.ஏ.பி.யின் கெடு எந்த வகை? 2028 ஜனவரி 1 காலையில் ஈ.சி.சி. நின்றுவிடப் போவதில்லை. நிரந்தர லைசென்ஸ் வாங்கியவர்கள் அன்றைக்கும் பில் போடலாம், சம்பளம் போடலாம். நிற்பது திருத்தங்கள்: பிழை கண்டுபிடிக்கப்பட்டால் வரும் பேட்ச், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் நிரல், வரிச் சட்டம் மாறினால் வரும் புதுப்பிப்பு. இவற்றுக்காகத்தான் லைசென்ஸ் விலையில் ஆண்டுக்கு 22 சதவீதம் வரை பராமரிப்புக் கட்டணமாகக் கட்டுகிறார்கள். நாலரை வருடத்தில் மென்பொருளை இன்னொரு முறை வாங்கிய காசு போய்விடும்.

அந்தத் தேதியும் கல்லில் செதுக்கியது அல்ல. முதலில் 2020 என்றிருந்தது. 2014-ல் அதை 2025 ஆக்கினார்கள். 2020-ல் அது 2027 ஆனது. கட்டணத்தில் இரண்டு சதவீதப் புள்ளி கூடுதலாகக் கட்டத் தயாரென்றால் 2030 வரை நீட்டிப்பும் உண்டு. வாடிக்கையாளர்கள் நகரவில்லையென்றால் தேதி நகர்கிறது. இந்த இடைவெளியில் பிழைக்கவே சில நிறுவனங்கள் இருக்கின்றன. 2005-ல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ரிமினி ஸ்ட்ரீட், எஸ்.ஏ.பி., ஆரக்கிள் ஆகியவற்றின் பழைய பதிப்புகளை ஏறக்குறைய பாதிக் கட்டணத்தில் பராமரித்துத் தருகிறோம் என்று சொல்லித்தான் வளர்ந்தது. 2010-ல் ஆரக்கிள் அதன்மீது வழக்குப் போட்டது. அந்தச் சண்டை பல ஆண்டுகள் இழுத்தது. பராமரிப்புக் கட்டணத்தில் எவ்வளவு லாபம் இருக்கிறது என்பதற்கு அந்த வழக்கின் நீளமே போதுமான சாட்சி.

அதற்காகப் புதிய பதிப்பில் சரக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு மாதக் கடைசியைக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். பழைய அமைப்பில் நிதிக் கணக்கு ஓர் இடத்தில், எந்தப் பிரிவுக்கு எவ்வளவு செலவு என்ற உள்கணக்கு இன்னோர் இடத்தில், சொத்துக் கணக்கு வேறோர் இடத்தில் எனத் தனித்தனி அட்டவணைகளில் இருக்கும். வன்தட்டிலிருந்து லட்சக்கணக்கான வரிகளை ஒவ்வொரு முறையும் படித்துக் கூட்ட அந்தக் காலக் கணினிகளுக்கு நேரம் பிடிக்கும் என்பதால், கூட்டுத்தொகைகளையும் தனி அட்டவணைகளில் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். மாதம் முடியும்போது இந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். போகாது. வித்தியாசம் எங்கே என்று இரண்டு மூன்று பேர் எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ராத்திரி வரை தேடுவார்கள். எஸ்/4ஹானாவில் தரவு முழுக்கக் கணினியின் நினைவகத்திலேயே இருக்கிறது; இந்தக் கணக்குகளெல்லாம் ஒரே குறிப்பேட்டில் விழுகின்றன; கூட்டுத்தொகை கேட்கும்போது கூட்டித் தரப்படுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது கணக்கு இல்லாததால் இந்த வகை வித்தியாசம் வரவே வழியில்லை. இது நிஜமான முன்னேற்றம். ஆனால் இந்த மென்பொருள் வெளிவந்தது 2015 பிப்ரவரியில். பத்தாண்டு கழித்தும் பழைய வாடிக்கையாளர்களில் பெரும் பகுதியினர் மாறாமல் இருந்தார்கள் என்பதும் நிஜம். மேன்மை மட்டும் யாரையும் நகர்த்தவில்லை.

விற்பனையாளரின் கெடுவை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் ஒரு பாடப்புத்தகம். அங்கே அரசு மருத்துவத் துறையின் சுமார் 80,000 ஊழியர்களுக்கு லாட்டிஸ் என்ற மென்பொருளில் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனைச் சம்பளம் எளிதான கணக்கல்ல. நர்ஸ் இரவுப் பணி பார்த்தாரா, ஞாயிற்றுக்கிழமை பார்த்தாரா, ஷிப்டை யாரோடாவது மாற்றிக்கொண்டாரா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஏராளமான ஊதிய ஒப்பந்தங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். லாட்டிஸுக்கான ஆதரவு 2008-ல் முடிகிறது என்று அதன் விற்பனையாளர் சொல்லிவிட்டார். எந்த நிமிடமும் அது நின்றுவிடும், ஊழியர்களுக்குச் சம்பளம் போட முடியாமல் போய்விடும் என்ற அச்சம் அதிகாரிகளைப் பிடித்துக்கொண்டது. ஐ.பி.எம். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடப்பட்டது. எஸ்.ஏ.பி.யும் வொர்க்பிரெயின் என்ற வேலைநேர மென்பொருளும் சேர்ந்த புதிய அமைப்பு பலமுறை தள்ளிப்போய், சோதனையில் வந்த குறைகள் தீராமலேயே 2010 மார்ச்சில் இயக்கத்துக்கு வந்தது.

முதல் சம்பள நாளிலேயே ஆயிரக்கணக்கானவர்களுக்குக் குறைவாக விழுந்தது. சிலருக்கு அதிகமாக விழுந்தது. சிலருக்கு விழவே இல்லை. அதன் பிறகு கையால் கணக்குப் போட்டுச் சரிசெய்யவே ஒரு பட்டாளத்தை வேலைக்கு எடுத்தார்கள். 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அளவில் ஒப்பந்தமாகத் தொடங்கிய வேலை, சரிசெய்தும் இயக்கியும் முடிக்கையில் மொத்தம் 120 கோடி டாலரை எட்டும் என்று கணக்கிடப்பட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி ரிச்சர்ட் செஸ்டர்மேன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2013-ல் தன் அறிக்கையைத் தந்தது. ஐ.பி.எம்.மின் பங்கை அது விடவில்லை. ஆனால் அரசுத் தரப்பில் அது காட்டிய மூல காரணங்கள் இரண்டு: தேவையில்லாத அவசரம், கவனக் குறைவு. லாட்டிஸ் பற்றிய பயம் எல்லா முடிவையும் அவசரப்படுத்தியது. அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்று யாரும் உட்கார்ந்து ஆராயவில்லை. இத்தனைக்கும் ஆதரவு முடிந்த பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் லாட்டிஸ்தான் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தது.

அவசரத்துக்கு இன்னொரு உதாரணம் அமெரிக்க சாக்லேட் கம்பெனியான ஹெர்ஷி. அதன் கெடுவை வைத்தது நாள்காட்டி. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய பழைய நிரல்கள் 2000 பிறந்ததும் 00 என்பதை 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்ற பிரச்சினை. பழைய நிரலை வரிவரியாகத் திருத்துவதற்குப் பதில், எப்படியும் செலவு செய்யப்போகிறோம், எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாக இணைக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளுக்கே மொத்தமாக மாறிவிடலாம் என்று உலகமெங்கும் ஏராளமான நிறுவனங்கள் முடிவெடுத்தன. எஸ்.ஏ.பி.யின் அன்றைய பதிப்பான ஆர்/3 கொழித்த காலம் அது. நம்மூர்ப் பொறியாளர்கள் கூட்டம் கூட்டமாக விமானம் ஏறிய காலமும் அதுதான். ஹெர்ஷி நான்கு ஆண்டு ஆகும் என்று சொல்லப்பட்ட வேலையை இரண்டரை ஆண்டில் முடிக்கப் பார்த்தது. 1999 ஜூலையில், ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியத் தொடங்கும் நேரத்தில் புதிய அமைப்பை இயக்கியது. கிடங்கில் சாக்லேட் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. சுமார் 10 கோடி டாலர் ஆர்டருக்குச் சரக்கு அனுப்ப முடியாமல் போனது. தீபாவளிக்கு மூன்று மாதம் முன்னால் ஜவுளிக்கடையில் பில்லிங் மென்பொருளை மாற்றச் சொன்னால் நம்மூர் முதலாளி என்ன சொல்வார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

சட்டம் வைக்கும் கெடு வேறு ஜாதி. அதில் பேரம் குறைவு. 2017 ஜூன் 30 நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் ஜி.எஸ்.டி. தொடங்கிவைக்கப்பட்டபோது, நாடு முழுக்கக் கணக்குப் பிரிவுகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாட், கலால், சேவை வரி, மத்திய விற்பனை வரி என்று நான்கு விதமாக எழுதப்பட்டிருந்த நிரல்கள் காலையிலிருந்து செல்லாது. ஒவ்வொரு சரக்குக்கும் ஹெச்.எஸ்.என். எண் வேண்டும், வாங்குபவர் எந்த மாநிலம் என்று தெரிய வேண்டும், அதைப் பொறுத்து வரி மத்திய, மாநிலப் பங்காகப் பிரிய வேண்டும் அல்லது ஒருங்கிணைந்த வரியாக நிற்க வேண்டும். பழைய டேலி பதிப்பை ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காமல் ஓட்டியவர்களும், எஸ்.ஏ.பி.யில் பேட்ச் போடுவதை அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று தள்ளியவர்களும் அந்த ஒரு வாரத்தில் ஐந்தாறு ஆண்டுத் தூரத்தை ஓடிக் கடந்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள் 2020 அக்டோபர் 1 முதல் மின்-விலைப்பட்டியல் போட வேண்டும் என்று தொடங்கி, அந்த வரம்பு 100 கோடி, 50 கோடி, 20 கோடி, 10 கோடி என்று இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. அரசின் தளத்தில் பதிவாகி எண் வாங்காத பில், பில்லே அல்ல. உங்கள் மென்பொருளுக்கு அந்தத் தளத்தோடு பேசத் தெரிய வேண்டும். இதற்கிடையே 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும், அந்த வசதியை யாராலும் அணைத்துவைக்க முடியக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. முன்தேதியிட்டு வவுச்சரைத் திருத்துவதை ஒரு கலையாகவே வளர்த்திருந்த நாட்டில் இது சிறிய மாற்றமல்ல. இந்த ஒரு வரி விதிக்காகவே மென்பொருளை மாற்றிய கம்பெனிகள் உண்டு. கெடு இரண்டு முறை தள்ளிப்போனதால் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது அதுவும் கிடைக்கவில்லை. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் மூன்று வாரம்கூட இல்லை.

விற்பனையாளரின் கெடுவுக்கு இந்தியாவில் பல் முளைப்பது இந்த இடத்தில்தான். சட்ட மாற்றங்களுக்கான புதுப்பிப்பு ஆதரவில் உள்ள பதிப்புகளுக்குத்தான் வரும். வரிச் சட்டம் ஆண்டுக்கணக்கில் அசையாத நாட்டில் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விதி மாறும் நாட்டில் அது கஷ்டம். சொந்தமாக நிரல் எழுதிச் சமாளிக்கலாம், சமாளிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அதற்கு ஆள் வேண்டும். ஜெர்மனியில் ஒரு ஆலை 2030 வரை பொறுத்திருக்கலாம் என்று எடுக்கும் முடிவை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆலை அப்படியே எடுக்க முடியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

இணைப்பும் பிரிவும் கொண்டுவரும் கெடு இன்னும் நேரடியானது. 2019 ஆகஸ்ட் 30 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காக இணைப்பதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தபோது, எந்த வங்கியை எதோடு சேர்ப்பது என்பதற்குக் காட்டப்பட்ட பொருத்தங்களில் ஒன்று, கணக்குகளை நடத்தும் கோர் பேங்கிங் மென்பொருள் இரண்டிலும் ஒன்றுதானா என்பது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் அலகாபாத் வங்கியும் டி.சி.எஸ்.ஸின் பேங்க்ஸ் மென்பொருள்; பஞ்சாப் நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் மூன்றும் இன்ஃபோசிஸின் ஃபினாக்கிள். ஜாதகம் பார்த்த மாதிரிதான். வழக்கமாக நிறுவனங்கள் இணைந்த பிறகு மென்பொருள் மாறும். இங்கே மென்பொருளும் சேர்ந்து யார் யாரோடு இணைவது என்று முடிவு செய்தது. பொருத்தம் இருந்தாலும் வேலை தானாக நடந்துவிடவில்லை. ஒரே மென்பொருள் என்றாலும் ஒவ்வொரு வங்கியும் அதைத் தனக்கேற்றபடி வளைத்திருக்கும். 2020 ஏப்ரல் 1-ல், ஊரடங்குக்கு நடுவில், காகிதத்தில் இணைந்த வங்கிகள் கணினியில் இணைந்து முடிக்க ஓராண்டு போல் எடுத்துக்கொண்டன. வாடிக்கையாளருக்கு அது ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியதாகவும் பழைய காசோலைப் புத்தகம் செல்லாமல் போனதாகவும் மட்டும் தெரிந்தது. அப்படித் தெரிந்ததே அந்த வேலைக்குக் கிடைத்த பாராட்டு.

பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லாயிட்ஸிலிருந்து பிரிந்த பிறகும் அது லாயிட்ஸின் கணினிகளிலேயே வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2015-ல் ஸ்பெயினின் சபாதெல் அதை வாங்கியது. போட்டி வங்கிக்குப் பெரிய தொகையைக் கட்டிக்கொண்டிருப்பானேன் என்று தன்னுடைய மென்பொருளுக்கு மாற்ற முடிவெடுத்தது. முடிவில் தவறில்லை. 2018 ஏப்ரலில் ஒரு வாரக் கடைசியில் சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்கை மொத்தமாக நகர்த்தியதுதான் வினையாயிற்று. திங்கட்கிழமை காலையில் பலரால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. சிலருக்கு மற்றவர்களின் கணக்கு தெரிந்தது. நிலைமை முழுதும் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2022-ல் கண்காணிப்பு அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன.

ரிசர்வ் வங்கியும் கெடு வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. 2018-ல் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளிவந்தபோது எல்லோரையும் அதிரவைத்தது அதன் எளிமை. வெளிநாட்டு வங்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு ஒரு பக்கம், வங்கியின் கோர் பேங்கிங் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் இணைப்பில்லை. மும்பைக் கிளையிலிருந்து உத்தரவாதக் கடிதங்கள் ஸ்விஃப்டில் போயின, கணக்கில் பதியப்படவில்லை, ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. தொகை 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இரண்டையும் 2018 ஏப்ரல் 30-க்குள் இணைத்தாக வேண்டும் என்று எல்லா வங்கிகளுக்கும் உத்தரவு போனது. அதற்கு முன்பும் இணைக்கச் சொல்லி எச்சரிக்கை இருந்தது, தேதிதான் இருக்கவில்லை. பிறகு 2020 டிசம்பரில், அடிக்கடி சேவை முடங்கியதற்காக எச்.டி.எஃப்.சி. வங்கி புதிய கிரெடிட் கார்டு தருவது தடை செய்யப்பட்டது. 2024 ஏப்ரலில் கோட்டக் மகிந்திராவுக்கும் அதே கதி. ஆன்லைனில் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கவும் கூடாது. தடை நீங்க 2025 பிப்ரவரி ஆனது. வளர்ச்சியை நிறுத்திவைத்தால் ஐ.டி. செலவுக்குப் பணம் எங்கிருந்தோ கிளம்பிவருகிறது என்பதை இந்த இரண்டு உத்தரவுகளும் காட்டின. அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்துக்குக் குளிர்காலப் புயல்தான் ரிசர்வ் வங்கி. பணியாளர்களை விமானங்களுக்கு ஒதுக்கும் அதன் பழைய மென்பொருள் 2022 டிசம்பரில் திணறி விழுந்து, சுமார் 16,700 விமானங்கள் ரத்தாயின. அந்த மென்பொருளை மாற்றச் சொல்லித் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

சிக்கனம் என்ற காரணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது எல்லாக் குறிப்பிலும் வரும், எங்கேயும் தனியாக நிற்காது. கனடா அரசு ஆண்டுக்கு 7 கோடி கனடிய டாலர் மிச்சமாகும் என்று சொல்லி 2016-ல் ஃபீனிக்ஸ் என்ற சம்பள அமைப்பைக் கொண்டுவந்தது. மிச்சத்தைக் காட்டுவதற்காக, அனுபவப்பட்ட சம்பளப் பிரிவு ஊழியர்களை முன்கூட்டியே குறைத்தது. புதிய அமைப்பு தடுமாறியபோது பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் வேலையில் இல்லை. மிச்சப்பட வேண்டிய தொகையைப்போலப் பல மடங்கு சரிசெய்யும் செலவாகப் போனது. மேகக் கணினிக்கு மாறினால் செலவு குறையும் என்ற வாதமும் இந்த வகையில் சேர்ந்ததுதான். நிரந்தர லைசென்ஸ் போய் மாதச் சந்தா வருகிறது; மூலதனச் செலவு நடைமுறைச் செலவாகிறது; சில நிதி இயக்குநர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் சந்தாவில் இருப்பவருக்கு அடுத்த முறை பதிப்பு மாற்ற மாட்டேன் என்று சொல்லும் உரிமை பெரும்பாலும் இல்லை.

யாரும் குறிப்பில் எழுதாத காரணம் ஒன்று உண்டு: ஆட்கள். எஸ்.ஏ.பி.யில் நிறுவனம் தானாக எழுதிச் சேர்க்கும் நிரல்களின் பெயர் இசட் அல்லது ஒய் எழுத்தில் தொடங்கும். இசட் புரோகிராம் என்று சொன்னால் துறைக்காரர்கள் முகத்தில் ஒரு களைப்பு தெரியும். ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக் கழிவை எப்படிக் கணக்கில் ஏற்றுவது, எந்த ரகத்துக்கு எவ்வளவு சேதாரம் அனுமதிப்பது என்பதில் அந்த ஆலைக்கென்று ஒரு வழக்கம் இருக்கும். இருபது வருடத்துக்கு முன் ஒருவர் அதை நிரலாக எழுதியிருப்பார். குறிப்பு எதுவும் எழுதியிருக்க மாட்டார். அவர் இப்போது டொராண்டோவில் இருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். அந்த நிரல் ஒவ்வொரு இரவும் ஓடுகிறது, சரியான எண்ணைத் தருகிறது, ஏன் சரியாகத் தருகிறது என்று கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் அதைத் தொட மாட்டார்கள். இப்படி ஐந்நூறு, ஆயிரம் நிரல்கள் சேர்ந்துவிட்ட நிறுவனம் மேம்படுத்தலை ஒவ்வொரு ஆண்டும் தள்ளிப்போடுவது சோம்பேறித்தனத்தால் அல்ல. எதைத் தொட்டால் எது விழும் என்று தெரியாத பயம். கடைசியில் அதே பயம்தான், தெரிந்த கடைசி ஆளும் போவதற்குள் மாற்றிவிடலாம் என்று திரும்பி நின்று தள்ளுகிறது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்கள் உதவித்தொகை கேட்டுக் குவிந்தபோது, கோபால் மொழி தெரிந்தவர்கள் யாராவது தொண்டாக வந்து உதவ முடியுமா என்று நியூஜெர்சி ஆளுநர் பகிரங்கமாகக் கேட்க வேண்டியிருந்தது. 1950களின் இறுதியில் பிறந்த மொழி அது.

மாற்றும்போது நம் வழக்கத்தை மென்பொருளுக்கு ஏற்ப மாற்றுவதா, மென்பொருளை நம் வழக்கத்துக்கு ஏற்ப வளைப்பதா என்ற பழைய கேள்வி இங்கே வந்து நிற்கிறது. ஜெர்மன் மளிகைச் சங்கிலியான லிடில் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் வழக்கம் கொண்டது. எஸ்.ஏ.பி.யின் சில்லறை வணிக மென்பொருள் விற்பனை விலையில் மதிப்பிடும். லிடில் தன் வழக்கத்தை விட மறுத்து மென்பொருளை வளைக்கச் சொன்னதாகச் செய்திகள் கூறின. ஏழு ஆண்டுகள், சுமார் 50 கோடி யூரோ செலவுக்குப் பிறகு 2018-ல் திட்டத்தையே கைவிட்டது. பிரிட்டனின் பர்மிங்காம் நகர மன்றமோ 1999-லிருந்து வைத்திருந்த எஸ்.ஏ.பி.யை விட்டு ஆரக்கிளுக்கு மாறும்போது, வளைக்கப்போவதில்லை, உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள்வோம் என்றுதான் தொடங்கியது. போகப்போக வளைத்தது, வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பகுதிகூடத் தனியாக எழுதப்பட்டது. 2022 ஏப்ரலில் இயக்கத்துக்கு வந்த பிறகு நம்பகமான கணக்கை முடிக்கவே முடியவில்லை. 1.9 கோடி பவுண்டு என்றிருந்த மதிப்பீடு 10 கோடியைத் தாண்டியது. 2023 செப்டம்பரில் அந்த மன்றம் திவால் நிலைக்கு நிகரான அறிவிப்பை வெளியிட்டதற்கு முதன்மைக் காரணம் பெண் ஊழியர்களின் சம ஊதியக் கோரிக்கைகள்தான். ஆனால் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று தெரியாத நிலை எந்த நெருக்கடியையும் மோசமாக்கும். லிடில் கைவிட்டது நட்டம். பர்மிங்காம் கைவிடாமல் போனது அதைவிடப் பெரிய நட்டம் என்பது என் எண்ணம்.

அண்மையில் சேர்ந்த புதிய கெடு ஒன்றையும் சொல்ல வேண்டும். குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ராஸ்நெஃப்டுக்குப் பங்கு இருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்ததும், மின்னஞ்சல் உள்ளிட்ட தன் சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகு சேவை திரும்பியது. இந்தியச் சட்டப்படி எந்தத் தவறும் செய்யாத, சந்தா ஒழுங்காகக் கட்டிய ஒரு கம்பெனியின் கணினி பிரஸ்ஸல்ஸில் எடுத்த முடிவால் முடங்க முடியும் என்று அந்த வாரம்தான் பல நிர்வாகிகளுக்கு உறைத்தது. உள்நாட்டு மென்பொருளுக்கு மாறலாமா என்ற பேச்சு அதன் பிறகு கொள்முதல் கூட்டங்களில் வெறும் தேசபக்திப் பேச்சாக இல்லை.

அந்தத் திசையில் நாட்டின் மிகப் பெரிய மாற்றம் ஆரவாரமில்லாமல் நடந்தது அஞ்சல் துறையில். 2013-ல் டி.சி.எஸ்.ஸோடு சுமார் 1,100 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டு, எஸ்.ஏ.பி.யை அடிப்படையாகக் கொண்ட அமைப்புக்கு வந்த துறை அது. அதை விட்டுவிட்டு, மைசூரில் உள்ள தன் சொந்தத் தொழில்நுட்ப மையமே எழுதிய ஏ.பி.டி. என்ற அமைப்புக்கு மாறியது. 2025 மே, ஜூனில் கர்நாடக வட்டத்தில் முதலில் இயக்கிப் பார்த்தார்கள். அங்கே கிடைத்த குறைகளைச் சரிசெய்து, வட்டம் வட்டமாக நகர்த்தி, ஆகஸ்ட் 4-ல் நாடு முழுவதும் முடித்தார்கள். மாறும் நாளில் கவுன்டரில் பரிவர்த்தனை கிடையாது என்று முன்கூட்டியே பலகை வைத்தார்கள். முதல் சில நாட்களில் சர்வர் மெதுவாக இருந்தது, பல ஊர்களில் வரிசை நீண்டது, ராக்கி அனுப்ப வந்தவர்கள் திட்டினார்கள். குவீன்ஸ்லாந்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. தேதி துறையின் கையில் இருந்தது. ஒரு வட்டத்தில் சரிவரவில்லையென்றால் அடுத்ததை நிறுத்திவைக்கும் அதிகாரமும் கையில் இருந்தது.

இனி அஞ்சல் துறைக்கு ஆதரவு முடிகிறது என்று யாரும் வெளியிலிருந்து கடிதம் போட மாட்டார்கள். பேட்ச் எழுத வேண்டியதும், அடுத்த பதிப்பு எப்போது என்று சொல்ல வேண்டியதும் மைசூரில் உள்ள அந்தக் குழுதான். அவர்கள் அரசு ஊழியர்கள். இடமாற்றம் உண்டு, பதவி உயர்வு உண்டு, பெங்களூரில் இரண்டு மூன்று மடங்கு சம்பளம் தர ஆளும் உண்டு. எழுதியதற்கான குறிப்புகளை அவர்கள் எவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது 2035 வாக்கில் தெரிந்துவிடும்.